500 கிலோ தூக்கும் என்று சொல்லி விற்ற டிராக்டர்

வைக்கோல், புல் உருளைக் கட்டுகளை நகர்த்தச் சின்ன டிராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் யார் என்று எழுதப்போவதில்லை. அவர் காட்டிய எண் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல்.

எங்களிடம் இருந்தவை நாலடி அகலமும் ஐந்தடி விட்டமும் உள்ள காய்ந்த புல் கட்டுகள். கையால் உருட்டி உருட்டி முதுகு போய்விட்டது. "இந்தக் கட்டைத் தூக்கிக் கொட்டகைக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க வேண்டும், எந்த வண்டி சரியாக இருக்கும்?" என்றுதான் கேட்டேன். "25 எச்பி சார், தாராளமாகத் தூக்கும். லோடர் கெப்பாசிட்டியே 500 கிலோ" என்றார். லோடர் என்றால் வண்டிக்கு முன்னால் இருக்கும் தூக்கும் கைகள். விவரத்தாளையும் திருப்பிக் காட்டினார், அச்சிலேயே இருந்தது. கட்டின் எடை என்ன என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தெரியாது, 300 இருக்கும் என்று ஒரு நினைப்பு. பக்கெட் நிறைய மண்ணை அள்ளித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வண்டி வந்த அன்றே லோடரில் பக்கெட்டுக்குப் பதிலாகக் கட்டைக் குத்தித் தூக்கும் ஈட்டியை மாட்டி, கட்டின் நடுவில் குத்தி லீவரை இழுத்தேன். தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அதற்கு மேல் இன்ஜின் முனகியதே தவிர, லோடர் அசையவில்லை.

போன் செய்தால், "கட்டு ஈரமாக இருக்கும் சார்" என்றார். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று ஒரு கட்டை எடைமேடைக்குக் கொண்டுபோனேன். 410 கிலோ. நன்றாகக் காய்ந்த கட்டுதான்; அந்த அளவுக்கு அது சாதாரண எடை. ஈரப்புல்லைச் சுற்றிப் பிளாஸ்டிக் போட்ட கட்டாக இருந்தால் இதைவிட எவ்வளவோ கூடும்.

500 தூக்கும் வண்டி 410-ஐ ஏன் தூக்கவில்லை? விவரத்தாளை அப்போதுதான் கண்ணாடி போட்டுப் படித்தேன். 500-க்குக் கீழே பொடி எழுத்தில், "பின்னில் அளந்தது" என்ற பொருளில் ஒரு வரி. லோடர் கையின் நுனியில் பக்கெட்டை மாட்டும் பின் (இரும்பு முளை) இருக்கிறதே, அதில் நேராகத் தொங்கவிட்டால் 500. ஆனால் கட்டை யாரும் பின்னில் தொங்கவிடுவதில்லை. ஈட்டிச் சட்டம் ஒரு முக்கால் அடி, அதற்கு முன்னால் நாலடி அகலக் கட்டு. கட்டின் எடை மையம் பின்னிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது. எங்கள் லோடரின் கை சுமார் 2 மீட்டர். ஏற்றம் இறைப்பது போன்ற நெம்புகோல் கணக்குதான்: 500-ஐ 2-ஆல் பெருக்கி 2.8-ஆல் வகுத்தால் 357. ஈட்டியும் சட்டமும் சேர்ந்து 50 கிலோ. அதையும் கழித்தால் கட்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 300. தரைக்குப் பக்கத்தில் லோடருக்குப் பலம் சற்று அதிகம், அதனால்தான் அந்த ஒரு சாண். பல விவரத்தாள்களில் பின்னுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் அளந்த இன்னொரு எண்ணும் இருக்கும். விற்பவர் வாயிலிருந்து அது வரவே வராது. இந்தக் கணக்கில் எச்பி எங்கேயாவது வந்ததா? ஹைட்ராலிக் அழுத்தமும் சிலிண்டரின் விட்டமும்தான் தூக்குகின்றன.

இதுவரை என் அவசரத்தின் தப்பு என்றுகூட விட்டுவிடுவேன். அடுத்து அவர்கள் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. "பிரஷரைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்துவிடுகிறோம்" என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். ஹைட்ராலிக் அழுத்தம் வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் ரிலீஃப் வால்வுக்குள் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தார், அரை மணி நேர வேலை. அப்புறம் கட்டு இடுப்பு உயரம் வரை ஏறியது. எனக்கு ஒரே சந்தோஷம். லேசான இறக்கத்தில் வண்டியைத் திருப்பியபோது இருக்கை தூக்கிப்போட்டது போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒரு பின் சக்கரம் தரையில் இல்லை.

பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. இந்த மாதிரிச் சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். ஒன்று காற்றிலும் மற்றது எடையில்லாமலும் இருந்தால் எதைப் பிடிக்கும்? நாலு சக்கர டிரைவ் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுத்துப் பிடித்திருக்கும். நான் போடவில்லை, போடச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. கையில் இருந்த லீவரைக் கீழே தள்ளியதால் கட்டு தரையில் இடித்து வண்டி நின்றது. கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

750 கிலோ வண்டியின் மூக்கில் 410 கிலோவையும் ஈட்டியையும் அவ்வளவு முன்னால் தொங்கவிட்டால் வேறு என்ன நடக்கும்? ரிலீஃப் வால்வு வண்டியின் எடைக்கும் முன் அச்சின் தாங்கு திறனுக்கும் ஏற்ப வைத்த வரம்பு. அதைத் திருகிக் கொடுத்தவர் பின்னால் எதிர் எடை இருக்கிறதா என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. மறுநாளே பழையபடி மாற்ற வைத்தேன்.

போனில் அவர் சொன்ன இன்னொரு யோசனையையும் எழுதிவிடுகிறேன். ஈட்டி வேண்டாம், பக்கெட்டிலேயே கட்டை ஏற்றிக்கொண்டு போகலாமாம். உருளைக் கட்டை அப்படி உயர்த்தினால் அது லோடர் கைகளின் வழியே பின்னால் உருண்டு ஓட்டுபவர் மேலேயே விழும். அப்படி விழுந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டி கவிழ்ந்தால் காப்பதற்காகத் தலைக்குப் பின்னால் நிற்கும் உருள்காப்புக் கம்பி முன்னாலிருந்து வருவதைத் தடுக்காது.

பின்பக்க ஹிட்ச்சில் (கலப்பை மாட்டும் இணைப்பில்) ஈட்டி மாட்டியும் பார்த்தேன். அதிலும் இதே வித்தைதான்: இணைப்பு நுனியில் ஓர் எண், அதற்கு 61 சென்டிமீட்டர் பின்னால் அளந்தால் வேறு எண். பின்னால் கட்டு சுலபமாகவே எழும்பியது, ஆனால் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும் என்பார்கள். லோடரைக் கழற்றாமல், முன்னால் எடையும் போட்ட பிறகுதான் ஓட்ட முடிந்தது. நகர்த்துவதற்குச் சரி, அடுக்க முடியாது.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது டிராக்டரே இல்லை. புல்லைக் கட்டாகக் கட்டிக் கொடுப்பவரிடம் புலம்பியபோது, "விட்டத்தை நாலடியாகக் குறைத்துக் கட்டித் தரட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருடைய பேலரில் (கட்டு கட்டும் இயந்திரத்தில்) விட்டத்தைக் கூட்டிக் குறைக்க முடியும், எல்லாப் பேலரிலும் முடியாது. ஓரடி குறைந்தால் எடை 64 சதவீதமாக இறங்கிவிடுகிறது, 262 கிலோ. இப்போது பின் டயர்களில் தண்ணீர் நிரப்பி, ஹிட்ச்சில் கல் நிரப்பிய பெட்டியைத் தொங்கவிட்டு, கட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் ஓட்டுகிறேன். கொட்டகைக்குள் சமதரையில் மட்டும் இரண்டடுக்கு. பழைய ஐந்தடிக் கட்டுகளை இருந்த இடத்திலேயே அவிழ்த்துக் கவைக்கோலால் அள்ளித் தீர்த்தோம்.

போன வாரம் அதே கடைக்காரர் கூப்பிட்டார். "35 எச்பி வந்திருக்கிறது சார், பழையதை எடுத்துக்கொண்டு மாற்றித் தருகிறோம்." வண்டியின் எடை எவ்வளவு, 500 மில்லிமீட்டர் முன்னால் எவ்வளவு தூக்கும் என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.