ஏற்காட்டுக் காபிக்கு எந்த நிழல்: சில்வர் ஓக்கா, கலப்பு மரமா?

இலங்கையில் 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய் காபியைத் துடைத்தெடுக்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. காட்டை வழித்து ஒரே பயிரை நெருக்கி வைத்ததில் அந்த நோயைத் தரும் பூஞ்சைக்குத் தடையே இல்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நிழலுக்குச் சில்வர் ஓக் மரம் மட்டும் வைத்தால் வெட்டி விற்கும் மரத்துக்கு நல்ல காசு, மிளகுக் கொடியும் ஏறும். மரத்தை வெட்டியதும் வெயில் நேரே இறங்கும். அரபிகா வகைக் காபிச் செடியைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டுக்கு அதுதானே வேண்டும்! பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் மருந்து எட்டாது.

பலா, அத்தி, கல்யாண முருங்கை கலந்த நிழலில் காசு மெதுவாகத்தான் வரும். பருவமழைக்கு முன் கிளை கழிக்காவிட்டால் ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

எதை வைத்தாலும், வண்டு பறக்கும் ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பருக்கு முன் தண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து, தாக்கிய செடியைப் பிடுங்கி எரிக்க வேண்டும். அரபிகாவுக்குக் கலப்பு நிழல்தான். ஓக் எல்லையோரம் போதும்.