அடியா, சங்கிலியா, ஆபரேஷனா, கோழித்துண்டா: உறுமும் நாயை வீட்டில் வைத்திருப்பவருக்கு

எங்கள் ராக்கி பூர்புல் (தென்னாப்பிரிக்காவின் பெரிய காவல் நாய் இனம்) கலப்பு, நாலு வயது, ஐம்பது கிலோவை நெருங்குகிறான். போன தீபாவளிக்கு முந்தின வாரம், அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் உருண்டு போன பந்தை எடுக்கக் குனிந்த என் அக்கா மகனைப் பார்த்து உறுமினான், அடுத்த நொடி பாய்ந்தான். பையன் கையை இழுத்துக்கொண்டதால் சட்டை மட்டும் கிழிந்தது. பொழுது சாய்வதற்குள், தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய எங்கள் சாட்ஸ்வர்த்தில் எங்களுக்குத் தெரிந்த அத்தனை பேரும் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். நாலு போடு என்றார் தாத்தா, கட்டிப் போடு என்றார் பக்கத்து வீட்டு அங்கிள், மச்சான் விதை எடுக்கும் ஆபரேஷன் என்றான், அம்மா யாருக்காவது கொடுத்துவிடு என்றார்.

இதில் சிலதைச் செய்து பார்த்தேன், ஒன்றைச் செய்து கெடுத்தும் வைத்தேன். இப்போது எந்த யோசனை வந்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இதைச் செய்தால் அந்த உறுமல் எங்கே போகும்?

ஏனென்றால் உறுமல் என்பது நாய் தரும் கடைசி நோட்டீஸ். அதற்கு முன்னாலேயே உடம்பு விறைக்கும், வாய் வேகமாகச் சாப்பிடும், தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், பசியே இல்லாமல் உதட்டை நக்கும். நாம் இதையெல்லாம் கவனிப்பதில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே!

எந்த வழிக்கும் முன்னால் கால்நடை மருத்துவர். காது வலி, பல் வலி, இடுப்பு மூட்டு வலி இருக்கிற நாய் தொட்டாலே சீறும், அதற்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. இன்னொன்று, நாம் இருப்பது க்வாசுலு-நாட்டால் மாகாணம். வெறிநோய் இங்கே புத்தகத்து நோய் இல்லை, நாய்க்குத் தடுப்பூசி போடுவது சட்டம். நேற்று வரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று குணம் மாறினால், நடை தள்ளாடினால், எச்சில் ஒழுகினால், கிட்டே போகாமல் அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். கடி பட்டால் சோப்பும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக கிளினிக். சொந்த நாய்தானே என்று சும்மா இருக்காதீர்கள்.

சரி, அடி. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பது தாத்தாவின் வேதம். இதற்கு நாகரிகமான பெயரும் உண்டு: நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு, புரட்டிப் போட்டு அமுக்கு, ஷாக் கழுத்துப்பட்டை மாட்டு. இந்தத் தலைவன் கதை, சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒன்றாக அடைத்து வைத்துப் பார்த்ததில் பிறந்தது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-லேயே எழுதிவிட்டார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடமும், புரட்டி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரிடமும் நாய் திருப்பிச் சீறியிருக்கிறது.

நான் கெடுத்தது இங்கேதான். ஒரு பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு ஷாக் பட்டை மாட்டினேன். தட்டுக்குப் பக்கத்தில் உறுமினால் ஒரு அதிர்ச்சி. பத்தே நாளில் உறுமல் நின்றுவிட்டது, வீடே சந்தோஷப்பட்டது, நான் பெருமையாக அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தக் கை நீட்டினேன், சத்தமே இல்லாமல் கடித்தான். நாலு தையல். அவனுக்குத் தட்டு மேலிருந்த பயம் அப்படியே இருந்தது, கூடவே மனிதர் கிட்டே வந்தால் கழுத்தில் வலிக்கும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. நான் பிடுங்கி எறிந்தது நோட்டீஸை மட்டும்தான். அந்தப் பட்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது, விற்கவும் மனசில்லை, இன்னொரு நாய் கழுத்துக்குப் போகும் என்று.

சங்கிலி அடியை விட மேல் என்று தோன்றும். தோன்றட்டும். டர்பனில் பாதுகாப்புக்காகத்தான் பாதிப் பேர் நாய் வைத்திருக்கிறோம், அதனால் கேட்டுப் பக்கம் கட்டிப் போடுகிறோம். கேட்டைத் தாண்டி ஒருவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் பாட்டுக்குப் போகிறார். நாயின் கணக்கில், தான் விரட்டியதால் போனார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்தப் பாடம் நடந்தால் யாருக்குத்தான் தலைக்கேறாது? கட்டிய நாய்க்கு விலகிப் போகவும் வழியில்லை, பயந்தால் பாய்வது ஒன்றுதான் மிச்சம். உறுமல் எங்கேயும் போகவில்லை, தெருவுக்கு இடம் மாறிவிட்டது.

அந்தத் தெருதான் உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கும். இங்கே இருக்கிற ரோமன்-டச்சு சட்டத்தின்படி, தெருவில் தன் பாட்டுக்குப் போனவரை உங்கள் நாய் தானாகப் பாய்ந்து கடித்தால் உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும் நஷ்டஈடு உங்கள் தலையில். ஈஸ்ட் லண்டனில் தெருவோடு போன ஒருவர் நாய்க்கடியில் கையை இழந்தார். யாரோ கேட்டின் பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர் வாதாடினார், 2020-ல் ப்ளூம்ஃபொன்டைன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அங்கிளுக்கு இதைச் சொன்னபோது ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அப்புறம் அவரும் கேட்டில் தகரம் அடித்து மறைத்துவிட்டார். உண்மையில் அந்தத் தகரம் சங்கிலியை விட நல்ல வைத்தியம், தெரு தெரியாவிட்டால் குரைப்பதற்கும் காரணம் குறையும்.

ஆபரேஷனைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஊர் சுற்றுவது, சுவரெல்லாம் மூத்திரம் தெளிப்பது, பெட்டைக்காகச் சண்டை போடுவது குறையலாம். தட்டைக் காப்பதும் அந்நியரைக் கண்டு பயப்படுவதும் விதையில் இருந்து வருவதில்லை. ராக்கிக்குப் பண்ணியாயிற்று. வேலி தாண்டுவது நின்றது, உறுமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

கோழித்துண்டு வழி மெதுவானது, பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகவும் இருக்கும். தட்டில் அவன் சாப்பிடும்போது, உடம்பு விறைக்காத தூரத்தில் (எங்களுக்கு அது ஏழு எட்டு அடி) நடந்து போய், எலும்பில்லாத வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டுப் பக்கம் எறிந்துவிட்டுப் போய்விட வேண்டும். நிற்கக் கூடாது, பேசக் கூடாது. நான் வருவதைப் பார்த்து அவனே தலையைத் தூக்கி வாலை ஆட்டும் வரை ஒரு அடிகூடக் கிட்டே போகக் கூடாது. விறைத்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், பின்னால் போக வேண்டும். உறுமினாலும் திட்டுவதில்லை, நகர்ந்துவிடுகிறோம். தாத்தா இதைப் பார்த்து, உறுமினதற்குக் கோழியா, நாளைக்கு எனக்கும் உறுமத் தெரியும் என்றார். ஆனால் கூலி உறுமலுக்கு இல்லை, உறுமும் தூரத்துக்கு நான் போவதே இல்லை. மனிதர் வந்தால் பறிபோகும் என்றிருந்த நாய்க்கு, மனிதர் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு மாறுகிறது. உறுமலுக்கு வேலையில்லாமல் போவது இந்த ஒரு வழியில்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் ஆனது தட்டுக்குப் பக்கத்தில் நிற்க. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பயிற்சியைப் பிள்ளைகள் செய்யவே கூடாது, நாய் சாப்பிடும் நேரம் நடுவில் ஒரு தடுப்புக் கேட் வேண்டும். பயம் முற்றிய நாய்க்கு மருத்துவர் ஃப்ளூவாக்செட்டின் மாதிரி பதற்றம் குறைக்கும் மாத்திரை தரலாம், அது வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பயிற்சி இல்லாமல் மாத்திரை மட்டும் போதாது. வாய்க்கூடு வாங்கினால் கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வேண்டாம், பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிரவைக்கிறது.

கடைசியில் அம்மாவின் யோசனை. கடித்த நாயை, கடித்ததைச் சொல்லாமல் ஒரு பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவது பாவம். சொல்லி அனுப்பினால், பெரியவர்கள் மட்டும் இருக்கும், நாய் தெரிந்த வீடு கிடைத்தால், நல்ல வழிதான். அப்படி ஒரு வீடு லேசில் கிடைக்காது. முன்னறிவிப்பே இல்லாமல், காரணமும் தெரியாமல், ஆழமாகத் திரும்பத் திரும்பக் கடிக்கும் பெரிய நாய், வீட்டில் தவழும் குழந்தை என்றால் ஊசி போட்டுத் தூங்கவைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த முடிவெடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பட்டை மாட்டிய பிறகு நானே இரண்டு இரவு அதை யோசித்தவன்.

இந்த வருஷம் தீபாவளியும் நவம்பர் 5-ல் ஆங்கிலேயர் வழக்கப்படி வெடிக்கும் 'கை ஃபாக்ஸ்' நாள் வெடியும் வருவதற்குள் பின் அறைக்குக் கனத்த திரை மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். விருந்தாளி, வெடிச்சத்தம், பிரியாணி வாசனை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்தால் மூன்று மாதப் பயிற்சியும் தாங்காது. ராக்கி அன்றைக்கு அந்த அறையில்தான் சாப்பிடுவான், சாவி என் பையில் இருக்கும். அக்கா மகனிடமும் சொல்லியாயிற்று, பந்து உள்ளே போனால் மாமாவைக் கூப்பிட வேண்டும் என்று.