பழந்துணியா, கண்ணாடிக் கம்பளியா, காகிதமா: சுவருக்குள் எதை வைப்பது?

வீட்டுக்குள் வெப்பமோ குளிரோ கடக்காமல் சுவருக்குள் வைக்கும் வெப்பக்காப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வெப்பத்தை எது அதிகம் தடுக்கிறது என்பதைத்தான். அங்கே பெரிய வித்தியாசம் இல்லை. பழைய துணியைப் பஞ்சாக்கிச் செய்யும் பாளத்தின் வெப்பக் கடத்துதிறன் 0.04ஐ ஒட்டி இருக்கும். செய்தித்தாளை அரைத்துச் செய்யும் செல்லுலோஸும் அப்படித்தான். கண்ணாடியை உருக்கி இழையாக்கிச் செய்யும் கண்ணாடிக் கம்பளி வகையைப் பொறுத்து 0.032 முதல் 0.044 வரை. எண் குறைந்தால் நல்லது. மூன்றிலும் வேலை செய்வது இழைகளுக்கு நடுவே அசையாமல் கிடக்கும் காற்று, அதனால்தான் இந்த நெருக்கம். ஆகவே வேறு விஷயங்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எனக்குப் பழந்துணிமேல் பற்று அதிகம். காரணம் இழையின் நீளம். கிழிந்த ஜீன்ஸை இயந்திரத்தில் பிய்த்தால் நூலிழை குட்டையாகிவிடும், அதை மறுபடி நல்ல துணியாக நெய்வது கடினம். ஆனால் சுவருக்குள் காற்றைப் பிடித்து வைக்கக் குட்டை இழையே போதும். பிரான்சில் லெ ரெலே என்ற கூட்டுறவு அமைப்பு, திரட்டும் பழந்துணியில் ஒரு பகுதியை ‘மெத்தீஸ்’ என்ற பெயரில் இப்படித்தான் பாளமாக்குகிறது. கண்ணாடிக் கம்பளியிலும் உடைந்த பழைய கண்ணாடி நிறையச் சேர்கிறது, உண்மைதான். ஆனால் கண்ணாடியை உருக்க 1,000 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். துணிக்கு அந்த உலை தேவையில்லை. ஒன்று மட்டும்: பஞ்சைப் பிணைக்கப் பாலியஸ்டர் இழை கலக்கிறார்கள், அதனால் கடைசியில் இதை மண்ணில் மக்கவிட முடியாது.

கண்ணாடிக் கம்பளியைத் தொட்டால் தோல் அரிக்கும், கண் உறுத்தும். துணிப் பாளம் உறுத்தாது, ஆனாலும் தூசுக்கு முகக்கவசம் போடுங்கள். அப்புறம், விற்பவர்கள் அதிகம் சொல்லாத ஒன்று: துணிப் பாளம் லேசில் அறுபடாது. பலகையால் அழுத்திப் பிடித்து, நீளமான பல்வைத்த கத்தியால் அறுக்க வேண்டும். கண்ணாடிக் கம்பளி சாதாரணக் கத்திக்கே வெட்டுப்படும்.

அறைக்கு அறை சத்தம் கடக்காமல் இருக்கத் துணிப் பாளம் அருமை. ஏற்கெனவே மூடிய சுவர் என்றால் செல்லுலோஸ்தான் வசதி. சிறு துளை போட்டு ஊதி நிரப்பலாம், ஆனால் தளர்வாக ஊதினால் நாளடைவில் கீழே இறங்கி மேலே இடைவெளி விடும்.

ஈரம்தான் துணியின் பெரிய பலவீனம். பருத்தி நீரை உறிஞ்சும், மெதுவாகத்தான் காயும். நனைந்த பாளம் வெப்பத்தையும் தடுக்காது, பூஞ்சையும் பிடிக்கும். ஓதம் ஏறும் சுவர், ஒழுகும் கூரை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தீ விஷயத்தில் சமரசம் வேண்டாம். பருத்தியும் காகிதமும் எரியும் பொருள்கள். போரான் உப்பு சேர்ப்பதால் தீ பரவுவது தணியும், பூச்சியும் அண்டாது, ஆனால் எரியாத பொருளாகிவிடாது. பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பாறைக் கம்பளி 1,000 டிகிரியையும் தாங்கும். வீடு முழுக்கத் துணிப் பாளம் வைத்தாலும் புகைபோக்கியைச் சுற்றிப் பாறைக் கம்பளிதான் வைப்பேன்.