கனெக்டட் கார், ஏழு மாச அனுபவம்: வண்டிக்கு 4 ஸ்டார், ஆப்புக்கு 1

வண்டிய பத்தி மொதல்ல சொல்லிடறனுங்க. பெட்ரோல் எஸ்யூவி, கனெக்டட் காருங்க, அதாவது வண்டி எங்க இருக்கு என்னன்னு நெட் வழியா போன் ஆப்புல காட்டற வண்டி. காங்கயத்துல இருந்து திருப்பூருக்கு தெனமும் போக வர, 13,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. மைலேஜ் 16 தருது, ஏசி சித்திரை வெயில்லயும் அஞ்சு நிமிசத்துல ஜில்லுனு ஆயிருது, தோட்டத்து இட்டேரில போனாக்கூட அடி தட்டறதில்ல. வண்டில ஒரு கொறையும் இல்லைங்க. கம்பெனி பேரு வேண்டாம், ஏன்னா நான் சொல்லப்போறது இப்ப வர்ற பாதி வண்டிகளுக்கு பொருந்தும்.

டெலிவரி அன்னிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு அம்மா சூடம் சுத்திட்டு இருக்காங்க, அந்த நேரத்துல ஷோரூம் தம்பி என்ற மச்சினன் போன வாங்கி (புக்கிங் பண்ணது அவன், அதனால அவன் நம்பருதான் குடுத்திருந்தோம்) கடகடன்னு அஞ்சாறு தடவ ஓகே ஓகேன்னு அமுக்குனாரு. என்ன தம்பி அதுன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லைங்கண்ணா, ஆப் ஆக்டிவேட் பண்றேன், எல்லாரும் குடுக்கறதுதாங்கண்ணா" அப்படின்னாரு. நானும் சரின்னு வுட்டுட்டேன். எதுக்கு சம்மதிச்சோம்னு அன்னிக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

மூணு மாசம் கழிச்சு வூட்டுக்காரம்மாவுக்கு ஒரு செக்கப்புக்காக கோயமுத்தூர் போனமுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு வூட்லயும் யாருக்கும் சொல்ல வேண்டாம்னு அவ சொல்லியிருந்தா. அடுத்த நாள் காலைல மச்சினன் போன், "ஏனுங் மாமா, நேத்து அந்த ஆஸ்பத்திரில மூணு மணி நேரம் வண்டி நின்னுருக்கு, யாருக்கு என்னாச்சு?" அவன் மேல தப்பில்லைங்க, அவன் போன்ல ஆப் தானா காட்டிருக்கு, பயந்து போயி கேட்டான். ஆனா பொழுது சாயறதுக்குள்ள மாமியார் வந்துட்டாங்க, அப்பறம் ஒறம்பரையா வந்து விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. என்ற வூட்டுக்காரம்மா அன்னிக்கு யாரு மொகத்தையும் பார்த்து பேசல.

அதுக்கப்பறந்தான் அந்த ஆப்ப உக்காந்து முழுசா பார்த்தேன். எந்த நாள் எத்தன மணிக்கு கெளம்புனோம், எங்க நின்னோம், எவ்வளவு வேகம், எல்லாம் மேப்போட இருக்கு. வண்டிக்குள்ளயே ஒரு சிம் இருக்குங்க, நம்ம போன ஆஃப் பண்ணாலும் அது பாட்டுக்கு அனுப்பிட்டே இருக்கும். புளூடூத்துல கேட்டதுக்கு சரின்னு குடுத்தா போன்புக்கும் ஸ்க்ரீனுக்குள்ள போயிருது. டிரைவிங் ஸ்கோருன்னு ஒண்ணு வேற, ஊதியூர் பக்கம் மயிலு குறுக்கால வந்து பிரேக் போட்டதுக்கு மார்க் கொறச்சிருக்கு.

ஸ்கோரு போனா போகட்டும்னு வுடற விசயமில்லைங்க இது. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ங்கற கார் கம்பெனி மேல எஃப்டிசி (வாங்கறவங்க உரிமைய பாத்துக்கற அரசு அமைப்பு) என்ன குற்றம் சாட்டுச்சுன்னா, ஓட்டற ஆளு எங்க போறாரு எப்படி பிரேக் போடறாருங்கறத 3 செகண்டுக்கு ஒருக்கா கூட எடுத்து, ஒழுங்கா சம்மதம் வாங்காம டேட்டா கம்பெனிகளுக்கு வித்துருக்காங்க, அது இன்சூரன்ஸ்காரங்க கைக்கு போயி பிரீமியம் ஏறிருக்கு. 2025 ஜனவரில அஞ்சு வருசத்துக்கு அந்த மாதிரி குடுக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு அறிவிச்சாங்க. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் நடத்தற மொசில்லா 2023-ல 25 கார் பிராண்டோட பிரைவசி பாலிசிய படிச்சு பார்த்துச்சு, ஒண்ணு கூட பாஸாகல. நம்மூர்லயும் 2022-ல ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற அரசு அமைப்பு), ஓட்டற விதத்த பொறுத்து பிரீமியம் போடற ஆட்-ஆனுக்கு, அதாவது பாலிசியோட சேத்து வாங்கற கூடுதல் கவருக்கு, அனுமதி குடுத்தாச்சு. நம்ம ரோட்டுல ஆடு, மாடு, மயிலு எல்லாத்துக்கும் பிரேக் போட்டுத்தான ஆகணும்?

கஸ்டமர் கேர்ல பழைய டிரிப்பு எல்லாம் அழிச்சுக் குடுங்கன்னு கேட்டேன், அக்கவுண்ட்டயே எடுத்துடலாம் ஆனா மூணு வருச ஃப்ரீ சப்ஸ்கிரிப்சன் போயிரும், ரிமோட் ஏசி, திருட்டு அலர்ட் எதுவும் வேலை செய்யாதுன்னாங்க. இதுதாங்க எனக்கு ஆகவே மாட்டேங்குது. திருட்டு அலர்ட் வேணும், டிரிப்ப சேத்து வெக்க வேண்டாம்னு சொல்ற உரிமை காசு குடுத்தவனுக்கு வேணுமில்ல? பாலிசி பூரா இங்கிலீசு, எங்கம்மா எப்படி படிப்பாங்க? நம்ம நாட்டு 2023 டேட்டா பாதுகாப்பு சட்டப்படி சம்மதம் கேக்கறத தமிழ்லயும் படிக்க வழி இருக்கணும், குடுத்த சுலுவுலயே திரும்ப எடுக்கவும் முடியணும். அதோட ரூல்ஸ் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமானது நடைமுறைக்கு வர 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் நாமதான் பார்த்துக்கணும்.

வாங்கறவங்க தயவுசெஞ்சு டெலிவரி அன்னிக்கு ஓகே பட்டன நீங்களே அமுக்குங்க, உங்க நம்பர்லயே போடுங்க. ஓனர் நம்பர மாத்த எனக்கு ஆர்சி காப்பியோட 11 நாள் அலைச்சல். செகண்ட்ஸ் வண்டி வாங்குனா பழைய ஓனரோட ஆப் கழண்டுச்சான்னு பார்த்துட்டு மீதி பணத்த குடுங்க, இல்லாட்டி உங்க வாசல் அவருக்கு தெரியும்.

ரிசல்ட் நல்லபடியா வந்துருச்சுங்க. இப்ப ஆப் என்ற போன்ல மட்டும் இருக்கு, லொகேசன் ஆஃப் பண்ணிட்டேன். ஆனா போன வாரம் அடுத்த செக்கப்புக்கு வண்டிய எடுக்கறேன்னு சொன்னா, வேண்டாம் பஸ்ஸுலயே போயிக்கலாம்னுட்டா. பல்லடம் வழியா நின்னுட்டே போனோம்.