கானர் பிரெய்ரி: முதலில் லெனாப்பே முகாம், அப்புறம் செங்கல் வீடு

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே ஃபிஷர்ஸ் ஊரில் இருக்கும் கானர் பிரெய்ரி அருங்காட்சியகத்துக்கு இந்தக் கோடையில் இரண்டாம் முறை போய்வந்தோம். முதல் தடவை, பிள்ளைகள் ஓடியாட நல்ல இடம் என்றுதான் போனது. இந்தத் தடவை வில்லியம் கானர் யார் என்று படித்துவிட்டுப் போனேன், அதே இடம் முற்றிலும் வேறாகத் தெரிந்தது.

பிள்ளைகளுக்கு என்றால் 1836ஆம் வருடம் போலவே அமைத்திருக்கும் கிராமம் ஒன்றே போதும். கொல்லர் உலையில் இரும்பு காய்ச்சி அடிக்கிறார், குயவர் சக்கரம் சுற்றுகிறார், என்ன கேட்டாலும் அந்தக் காலத்து ஆட்களாகவே நின்று பதில் சொல்கிறார்கள். என் மகள் குயவரை விட்டு நகரவே இல்லை.

நான் சொல்ல வந்தது மேட்டில் இருக்கும் கானரின் வீட்டைப் பற்றி. 1823இல் கட்டிய இரண்டு மாடிச் செங்கல் வீடு. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் மரக்கட்டை வீடுகளில் இருந்த காலத்தில் இது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கீழே வயல், அதைத் தாண்டி ஒயிட் ஆறு. பழுதாகிக் கிடந்த இதை 1934இல் மருந்து கம்பெனிக் குடும்பத்து எலை லிலி வாங்கிப் புதுப்பித்ததால்தான் இன்று பார்க்க முடிகிறது. கானர் இங்கே உழுது பயிரிட்டவர், நோபில்ஸ்வில் ஊரை உருவாக்கிய இருவரில் ஒருவர், 1829க்கும் 1837க்கும் நடுவே மூன்று முறை இந்தியானா சட்டமன்ற உறுப்பினர். வீட்டை மட்டும் பார்த்தால் இந்தக் கதைதான் மனதில் நிற்கும்.

ஆனால் விவசாயி ஆவதற்கு முன்னால் கானர் லெனாப்பே என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் தோல் வாங்கி விற்ற வியாபாரி. அவர்களுடைய மொழி தெரிந்தவர், மெக்கிஞ்ஜஸ் என்ற லெனாப்பே பெண்ணை மணந்து ஆறு பிள்ளைகள் பெற்றவர். 1818இல் செயின்ட் மேரீஸ் ஒப்பந்தத்தில் லெனாப்பே மக்கள் இந்தியானா நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போக ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சில் கானர்தான் துபாஷியாக இருந்தார். 1820 மே மாதம், மாநிலத்துக்குத் தலைநகர் எங்கே என்று முடிவு செய்ய வந்த ஆணையர்கள் கூடியது அவருடைய பழைய மரவீட்டில். ஆகஸ்டில் மெக்கிஞ்ஜஸ் ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தன் மக்களோடு மேற்கே கிளம்பிவிட்டார், லெனாப்பே வழக்கில் பிள்ளைகள் தாய்வழிதான். நவம்பரில் கானர் எலிசபெத் சாப்மனை மணந்தார். எல்லாம் ஒரே வருடத்துக்குள். செங்கல் வீட்டில் வளர்ந்தவர்கள் எலிசபெத்தின் பிள்ளைகள்.

இதைத் தெரிந்துகொண்டு அந்த முன்னறையில் நின்றபோது எனக்கு மனசு கனத்துப்போனது. கானரைக் கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை, பிரிவில் அவருக்கும் வலி இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த மக்கள் போன பிறகு இங்கே தங்கி, நிலத்தில் சோளம் விளைவித்து, அந்த மாநிலத்துக்கே சட்டம் செய்யப் போனவர் அவர்.

அதனால் என் யோசனை, உள்ளே போனதும் நேரே மேட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் லெனாப்பே முகாமுக்குப் போங்கள், தோல் வியாபாரம் எப்படி நடந்தது என்று அங்கே இருப்பவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் வீட்டுக்கு ஏறுங்கள். அங்கே சுற்றிக்காட்டுபவரிடம் மெக்கிஞ்ஜஸைப் பற்றி நீங்களாகவே கேளுங்கள். நான் கேட்டேன், அந்த அம்மா பொறுமையாக ரொம்ப நேரம் பேசினார், அன்றைக்கு எனக்குக் கிடைத்த சிறந்த பகுதி அதுதான்.

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், நடை அதிகம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவை வெட்டவெளியில் இருப்பதால் வெயில் காலத்தில் போவதுதான் சரி. அடுத்த கோடையில் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள், அவர்களையும் இதே வரிசையில்தான் கூட்டிப்போகப் போகிறேன்.