எக்ஸ்ட்ராக்ட் கிட் பீர்: காய்ச்சும் நாளை லேசாக்க எது தோது?

வீட்டில் பீர் காய்ச்ச ஆரம்பித்து ஒன்றிரண்டு தடவையோடு விட்டுவிட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். பீர் நன்றாக வரவில்லை என்பவர்கள் குறைவு, ஒரு சனிக்கிழமையே போய்விடுகிறது என்பவர்கள்தான் அதிகம். பெரிய பானையைத் தூக்கி இறக்கி, அது ஆறும்வரை காத்திருந்து, அப்புறம் இருட்டும்வரை கழுவிக்கொண்டிருந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். எக்ஸ்ட்ராக்ட் கிட்டுக்கு இவ்வளவு பாடு தேவையே இல்லை என்பது என் கட்சி. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை இறக்கும் கஷ்டமான வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து, எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயரில் பாகாகவோ பொடியாகவோ கையில் கொடுத்துவிடுகிறார்கள். நமக்கு மிச்சம் கரைப்பது, ஹாப்ஸ் என்ற பூவைக் கொதிக்கவிட்டுக் கசப்பு இறக்குவது, ஆறவைப்பது, ஈஸ்ட் போடுவது, கழுவுவது. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வழி உண்டு, அதில் எது நேரத்தைத் தின்கிறது, எது பீருக்கு உண்மையிலேயே உதவுகிறது என்று பார்த்துவிடலாம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடாவிலும் வீட்டு பீருக்குத் தடை இல்லை. சிங்கப்பூரில் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரைதான். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை வெளிநாட்டுச் சமாசாரமாக வாசித்தால் போதும்.

சரி, முதல் போட்டி கிட்டிலேயே தொடங்குகிறது. ஒரு பக்கம் ஆஸ்திரேலியக் கூப்பர்ஸ் மாதிரியான டின் கிட். 1.7 கிலோ பாகு, ஹாப்ஸ் கசப்பு ஏற்கெனவே அதில் ஏறியிருக்கும், மூடிக்கடியில் 7 கிராம் ஈஸ்ட். மறுபக்கம் அமெரிக்கக் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஐந்து கேலன் பெட்டி, அதாவது 19 லிட்டர். கசப்பேறாத மால்ட், தனியாக ஹாப்ஸ் உருண்டைகள், ஊறவைக்க ஒரு பை தானியம், ஒரு மணி நேரக் கொதி.

டின் கிட்டைக் கொதிக்கவிடவே வேண்டாம். டின்னை வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் பாகு இளகிவிடும். ஃபெர்மென்டரில், அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்தில், இரண்டு லிட்டர் சூடான தண்ணீரில் பாகையும் ஒரு கிலோ சர்க்கரைக் கலவையையும் கரைத்து, குளிர்ந்த தண்ணீரால் 23 லிட்டருக்கு நிரப்பி, ஈஸ்டைத் தூவி மூடினால் முடிந்தது. அரை மணி நேர வேலை, அதிகம் போனால் முக்கால். குறை என்னவென்றால் ஹாப்ஸ் வாசனை ஏறக்குறைய இருக்காது, அந்த ஒரு கிலோவுக்கும் வெள்ளைச் சர்க்கரையைப் போட்டால் பீர் மெலிந்து தண்ணியாகிவிடும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. சர்க்கரையில் பாதியையாவது மால்ட் பொடியாக மாற்றுங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரும் 200 கிராம் மால்ட் பொடியும் கொதிக்கும்போது 25 கிராம் காஸ்கேட் ரக ஹாப்ஸைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரிலேயே டின் பாகைக் கரையுங்கள். கூடுதலாகச் செலவாவது இருபது நிமிடம், கிடைக்கும் பீரோ வேறு ரகம். வேலைக்குப் போய்விட்டு வந்து வார நாள் மாலையில் காய்ச்ச நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். டின்னின் தேதியை மட்டும் கட்டாயம் பாருங்கள். பாகு நாளாக ஆகக் கறுத்து, பழைய சுவை ஒன்று ஏறிக்கொள்ளும், அதை எந்த ஹாப்ஸாலும் மறைக்க முடியாது.

கொதிக்கவைக்கும் கிட்டை எடுத்தவர்களுக்கு அடுத்த கேள்வி, மொத்தத்தையும் கொதிக்கவிடுவதா, பாதியை மட்டுமா என்பது. மொத்தம் என்றால் ஆவியாகப் போவதையும் சேர்த்து 23, 24 லிட்டர் பானையில் ஏற வேண்டும், பொங்க இடம் விட்டால் 30 லிட்டருக்கு மேற்பட்ட பானை வேண்டும். சமையலறை அடுப்பில் அது கொதிநிலைக்கு வருவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், பல மின் அடுப்புகளில் கடைசிவரை துள்ளிக் கொதிக்காமலே நிற்கும். அப்புறம் வெளியே வைக்கும் கேஸ் பர்னர் வாங்க வேண்டும், அதை வைக்க முற்றமோ கொல்லையோ வேண்டும். பாதிக் கொதி என்றால் 10, 11 லிட்டர்தான், 16 லிட்டர் பானை போதும், வீட்டு அடுப்பே தாங்கும், மிச்சத்தைக் குளிர்ந்த தண்ணீராகப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

பாதிக் கொதிக்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு குற்றச்சாட்டுகளும் உண்மைதான். குறைந்த தண்ணீரில் மொத்த எக்ஸ்ட்ராக்டும் ஒரு மணி நேரம் கொதித்தால் நிறம் கறுக்கும், அந்த அடர்த்தியில் ஹாப்ஸின் கசப்பும் சரியாக இறங்காது. ஆனால் எக்ஸ்ட்ராக்ட் முழுவதையும் ஆரம்பத்திலேயே கொட்ட வேண்டும் என்று யார் சொன்னது? மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் கரைத்து ஹாப்ஸோடு கொதிக்கவிடுங்கள், மிச்சத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேருங்கள். கொதி இருப்பது ஹாப்ஸுக்காக, மால்ட் தொழிற்சாலையிலேயே கொதித்து வந்ததுதான். இப்படிச் செய்தால் வெளிர் நிற பீர் வெளிராகவே வரும், கசப்பும் கணக்குப்படி இறங்கும். முழுக்கொதி உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. கடுமையான கசப்புள்ள ஐபிஏ என்ற பீர் ரகம். தண்ணீரில் கரையக்கூடிய கசப்புக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த உச்சத்தில் இருப்பதைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நீர்த்துப்போகவிட்டால் கசப்பும் பாதியாகிவிடும். உங்களுக்கு அந்த ரகம்தான் உயிர் என்றால் பெரிய பானை வாங்குங்கள். மற்றவர்களுக்கு அந்தப் பணம் வேறு இடத்தில் உதவும்.

எந்தக் கொதியானாலும் எக்ஸ்ட்ராக்ட் சேர்க்கும் நேரத்தில் அடுப்பை முழுக்க அணைத்துவிடுங்கள். பாகு நேராக அடிக்குப் போய்ப் படியும், தீ எரிந்துகொண்டிருந்தால் அங்கேயே கருகும், அந்தக் கருகல் வாடை ஒவ்வொரு பாட்டிலிலும் வரும். நீளக் கரண்டியால் அடியைச் சுரண்டிப் பார்த்து, எதுவும் தட்டுப்படவில்லை என்று உறுதியான பிறகே பற்றவையுங்கள். மறுபடி கொதி வரும்போது பால் பொங்குவது போல நுரை சடாரென்று விளிம்புக்கு ஏறும். அந்த ஐந்து நிமிடம் பானையை விட்டு நகராதீர்கள், ஒரு தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு நுரை மேல் அடித்தால் அடங்கிவிடும். அடுப்பு மேல் பொங்கி வழிந்து காய்ந்த மால்ட்டைத் துடைத்தவர்களுக்குத் தெரியும், அது ஒன்றே நாளை ஒரு மணி நேரம் நீட்டிவிடும்.

பாகா, பொடியா என்பது சின்ன விஷயம்தான். 1 கிலோ பொடிக்கு ஏறத்தாழ 1.2 கிலோ பாகு சமம், காரணம் பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். பொடி கெடாமல் அதிக நாள் இருக்கும், வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மிச்சத்தை இறுக மூடி வைக்கலாம். அதன் வம்பு ஆவி. கொதிக்கும் பானைக்கு மேல் பையைச் சாய்த்தால் பையின் வாயிலேயே ஆவி பட்டுப் பொடி பிசினாகி ஒட்டிக்கொள்ளும், உள்ளே விழுவதும் கட்டி கட்டியாக மிதக்கும். பொடியைத் தனிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் முதலில் கரைத்து ஊற்றினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் பொடி பக்கம்.

இப்போது நாளின் பெரும்பகுதியை விழுங்கும் வேலைக்கு வருவோம், ஆறவைப்பது. கொதித்த சாறு ஈஸ்ட் போடும் பதமான 20 டிகிரிக்கு வர வேண்டும், அதுவும் சீக்கிரம் வந்தால் நல்லது. இதற்குக் களத்தில் மூன்று வழிகள்.

செம்புச் சுருள் பலரின் முதல் வாங்கல். கொதி முடிய கால் மணி இருக்கும்போது பானைக்குள் இறக்கினால் சூட்டிலேயே சுத்தமாகிவிடும், பிறகு குழாய்த் தண்ணீரை உள்ளே ஓடவிட வேண்டும். முழுக்கொதிக்காரர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். ஆனால் குழாய்த் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அதற்குக் கீழே அது இறக்காது. மெல்பர்ன் குளிர்காலத்தில் அருமையாக வேலை செய்யும் சுருள், குழாயில் 28, 30 டிகிரித் தண்ணீர் வரும் சிங்கப்பூரில் 32-இல் போய் நின்றுவிடும். தண்ணீரும் ஏராளமாக ஓடும், அதைப் பிடித்து வைத்துத் துணி துவைக்கவோ செடிக்கு ஊற்றவோ மனம் வர வேண்டும். சுருளைக் கழுவி உலர்த்தி வைப்பதும் ஒரு வேலை.

ஆறவைக்காமலே விடுவது இரண்டாவது வழி. ஆஸ்திரேலியாவில் இது நிறையப் பேர் செய்வது. சூடு தாங்கும் உணவுத் தர பிளாஸ்டிக் கேனில் கொதி அடங்கிய சாறை அப்படியே ஊற்றி, அமுக்கிக் காற்றை வெளியேற்றி, மூடி, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மூடியின் உள்பக்கமும் சூட்டில் சுத்தமாகிவிடும். மறுநாள் காலை ஃபெர்மென்டருக்கு மாற்றி ஈஸ்ட். தண்ணீர் வீணாகாது, காத்திருக்க வேண்டியதும் இல்லை, நாள் இரண்டாகப் பிரிந்துவிடுவதே குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பெரிய நிம்மதி. கவனிக்க வேண்டியவை இரண்டு. சாறு நெடுநேரம் சூடாகவே இருப்பதால் கடைசியில் போட்ட ஹாப்ஸும் கசப்பு விட்டுக்கொண்டே இருக்கும், ஆகவே பத்து நிமிடம் இருக்கும்போது போட வேண்டியதை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். ஈஸ்ட் போடாத சாறை நாள்கணக்கில் மூடி வைக்காதீர்கள், காற்றில்லாத கேனில் பொட்டுலிசம் என்ற கொடிய நஞ்சைக் கக்கும் கிருமி வளர வாய்ப்புண்டு. மறுநாளே போட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் என் தேர்வு, சிங்க்கும் ஃபிரிட்ஜ் தண்ணீரும். இது பாதிக் கொதிக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கும் வசதி. முந்தின நாளே சீல் உடைக்காத 10 லிட்டர் குடிநீர் கேனை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். கொதி முடிந்ததும் பானையை மூடி, அடைத்த சிங்க்கில் தண்ணீரோடும் ஐஸோடும் உட்காரவைத்து, ஒருமுறை தண்ணீரை மாற்றினால், 10 லிட்டர் சாறு அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் 35 டிகிரிக்கு வரும். அதோடு 4 டிகிரியில் இருக்கும் 9 லிட்டரைக் கலந்தால் ஏறத்தாழ 20 டிகிரி. கணக்கு அவ்வளவுதான், செம்பு வேண்டாம், ரப்பர் குழாய் வேண்டாம், வெயில் ஊரிலும் பலிக்கும். சிங்க்கைத் தாண்டிவிட முடியுமா என்றால் முடியாது, கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கலந்தால் 54 டிகிரியில் போய் நிற்கும். மேலே இருந்து சலசலவென்று ஊற்றும்போது ஈஸ்டுக்கு வேண்டிய ஆக்சிஜனும் கரைந்துவிடுகிறது. எக்ஸ்ட்ராக்டில் தாது உப்புகள் ஏற்கெனவே இருப்பதால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றினாலும் குறையில்லை.

ஈஸ்டில் யோசிக்கவே வேண்டாம், பொடி ஈஸ்ட். திரவ ஈஸ்டில் நூற்றுக்கணக்கான ரகம் உண்டு, பெல்ஜிய வகைகளுக்கு அதன் அருமை தனி, ஆனால் அதைப் பெருக்கக் காய்ச்சும் நாளுக்கு முன்னாலேயே ஒரு குட்டிக் காய்ச்சல் நடத்த வேண்டியிருக்கும். சாஃப்ஏல் யுஎஸ்-05 மாதிரி 11.5 கிராம் பாக்கெட்டை வெட்டி மேலாகத் தூவினால் போதும், தயாரிப்பாளரே அதற்கு அனுமதி தருகிறார். குளிரில் நொதிக்கும் ரகமான லாகர் என்று எழுதியிருக்கும் பல டின்களின் மூடிக்கடியில் இருப்பதும் மிதமான சூட்டில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்தான், அதனால் 12 டிகிரிக்குக் குளிரவைக்க முயலாதீர்கள். செம்புச் சுருளுக்கு வைத்திருந்த பணத்தை ஃபெர்மென்டரை 18, 20 டிகிரியில் நிறுத்தி வைக்கும் பழைய ஃபிரிட்ஜுக்கும் தெர்மோஸ்டாட்டுக்கும் போடுங்கள், சுவையில் அதன் பலன் உடனே தெரியும்.

கழுவுவதற்கு வருவோம். ப்ளீச் மலிவு, ஆனால் நன்றாக அலச வேண்டும், மிச்சம் இருந்தால் மால்ட்டில் உள்ள பீனால்களோடு சேர்ந்து பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், அலசும் தண்ணீராலேயே கிருமி திரும்பி வரவும் வாய்ப்புண்டு. அயோடின் கலவை நல்லது, கறை படியும். ஸ்டார் சான் மாதிரி அமில வகையை ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து, இரண்டு நிமிடம் படவிட்டு வடித்தால் போதும், அலசவே வேண்டாம், நுரை மிச்சம் இருந்தாலும் பீருக்குக் கெடுதல் இல்லை. ஆர்ஓ தண்ணீரில் கலந்து தெளிப்பான் பாட்டிலில் வைத்தால் வாரக்கணக்கில் வேலை செய்யும். வாளி நிறையக் கரைத்து எல்லாவற்றையும் முக்கி எடுக்கும் வேலையே இதனால் போய்விடுகிறது. ப்ளீச்சையும் இதையும் எந்தக் காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். இன்னொன்று, அழுக்கு இருக்கும் பாத்திரத்தில் எந்த சானிடைசரும் பலிக்காது. பானை காலியான அடுத்த நிமிடமே சோடியம் பெர்கார்பனேட் பொடியும் வெந்நீரும் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தால், தேய்க்காமலே கழன்றுவிடும்.

கடைசியாக அளவு. 23 லிட்டரா, 10 லிட்டரா? கழுவும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் ஒரு பாட்டிலுக்கு ஆகும் உழைப்பைப் பார்த்தால் பெரியது லாபம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் இருவர் மட்டும் குடிப்பதென்றால் 10 லிட்டரே தோது. முழுக்கொதியே வீட்டு அடுப்பில் அடங்கும், சிங்க்கிலேயே ஆறும், நிறைந்த ஃபெர்மென்டரை ஒரே ஆள் தூக்கலாம், 740 மில்லி பாட்டில் 13 வரும். சிங்கப்பூர் வரம்புக்குள் மாதம் இரண்டு ரகம் காய்ச்சிப் பார்க்கவும் இடம் இருக்கிறது. இதற்கு டின் வாங்காதீர்கள், திறந்த பாகை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும், பொடியாக வாங்குங்கள். 10 லிட்டருக்கு ஒன்றேகால் கிலோ பொடி நடுத்தரமான பீர் தரும். ஈஸ்ட் பாக்கெட்டில் பாதியை மட்டும் போட்டு மிச்சத்தை மடித்து வைக்க வேண்டாம், முழுதையும் தூவிவிடுங்கள், இந்த அளவில் கூடுதல் ஈஸ்டால் கெடுதல் இல்லை.