டேப் மாறினால் நின்றுவிடும் பாடம்: ஒரு வருடம் கழித்து

போன வாரம் ஜூனியர் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க சேர்ந்த அதே ஏஐ ரிசர்ச் கோர்ஸ்தானே இது? 699க்குப் போட்டிருக்காங்க. சேரலாமா?"

நான் கட்டியது 4,999. பிஎச்டி ஸ்டைபெண்ட் ஏறிய அன்றே, மனசு மாறுவதற்குள் கட்டியது. ஆகவே 699 என்ற எண்ணைப் பார்த்து வந்த வயிற்றெரிச்சல் இதில் எங்கேயாவது கலந்திருந்தால் அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

பன்னிரண்டு வாரம், பதிவு செய்த வீடியோக்கள், வாரம் ஒரு க்விஸ், கடைசியில் சான்றிதழ். இதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. வீடியோ ஓடும்போது வேறு டேப்புக்குப் போனால், வீடியோ நின்றுவிடும்.

இது என்ன பெரிய குறை என்று நினைப்பீர்கள். நானும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் நினைத்தேன். நான்காம் வாரம் பைத்தான் என்ற நிரல்மொழி வந்தது. "இப்போ கோலாபைத் திறந்து என்னோடு சேர்ந்து டைப் பண்ணுங்க" என்கிறார் பாடம் நடத்தும் மேடம். கோலாப் என்பது பிரவுசரிலேயே பைத்தான் எழுதி ஓட்டும் இடம், அதாவது இன்னொரு டேப். கோலாபைத் திறந்தால், வாய் பாதி திறந்தபடி மேடம் உறைந்து நிற்கிறார். திரும்பி வந்து ப்ளேயை அழுத்தினால் பத்து நொடி பின்னாலிருந்து மறுபடி அதே வாக்கியம். ஒரு வரியைக் கேட்டு, மனப்பாடம் செய்து, ஓடிப்போய் டைப் செய்து, அடுத்த வரிக்கு ஓடி வர வேண்டும். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் காலிக் கட்டங்களை நீக்கும் அந்தப் பாடம் பதினெட்டு நிமிடம்தான். எனக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

சரி, வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டு லேப்டாப்பில் டைப் செய்யலாம் என்று தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தேன். எழுத்தெல்லாம் கடுகு கடுகாகத் தெரிந்தது. கமாவா புள்ளியா என்று பார்க்கப் போனை மூக்கு வரை கொண்டுவர வேண்டும். பைத்தானில் அந்த வித்தியாசத்துக்கு என்ன விலை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டால் அதற்கும் வீடியோ நின்றுவிடும்.

மூன்று மெயில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில்: உங்கள் கற்றலின் நேர்மையை உறுதி செய்யவே இந்த வசதி, நன்றி. மூன்றாவது மெயிலைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அதே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. ஏஐ பாடம் நடத்தும் இடத்தில் மனுஷரை எதிர்பார்த்தது என் தப்புதான். ஜனவரியில் ஏதோ அப்டேட் வந்து மூன்று வாரம் நிற்காமல் ஓடியது. சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பி நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டேன். நான்காவது வாரம் மறுபடி நின்றது. அந்த மெயிலைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டார்களோ என்று இன்றும் சந்தேகம்.

இதற்கு முன்னால், ஐஐடிகள் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெல்லில் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரனின் மெஷின் லேர்னிங் அறிமுகப் பாடத்தை எடுத்திருக்கிறேன். யூட்யூபில் இலவசம். எப்படி வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி (நான் எழுதியபோது ஆயிரம் ரூபாய்) தேர்வு மையத்துக்குப் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. படிக்காதவன் அந்த 75இல் தானாக மாட்டுவான். இந்தக் கோர்ஸிலோ டேப் மாறாமல் பன்னிரண்டு வாரம் உட்கார்ந்திருந்தால் சான்றிதழ் நிச்சயம், தூங்கினாலும் சரி.

இவ்வளவு திட்டிவிட்டு ஆறாம் வாரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும்.

தமிழ்நாட்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பற்றிப் பத்து ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலைச் சாட்பாட்டிடம் கேட்கிறார் மேடம். ஆசிரியர், ஆண்டு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) என்று பத்தும் பளிச்சென்று வருகின்றன. பிறகு 10 என்று ஆரம்பிக்கும் அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்து டிஓஐ தளத்தில் ஒட்டுகிறார். முதலாவது சரியாகத் திறந்தது. இரண்டாவது, அப்படி ஒரு எண்ணே இல்லை. மூன்றாவதில் மீன் தீவனம் பற்றிய கட்டுரை. வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாமல் பத்தையும் அப்படியே காட்டுகிறார். ஏழாவதில் நிறுத்தி, "இந்த ஆசிரியர் நிஜம், இதழும் நிஜம். இந்தக் கட்டுரையை மட்டும் அவர் எழுதவே இல்லை" என்றார். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கோத்துக்கொண்டே போகும் கருவி சாட்பாட். ஊரறிந்த கட்டுரையென்றால் சரியாக விழும், அதிகம் பேர் தொடாத தலைப்பென்றால் நம்பும்படி ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். இணையத்தில் தேடிச் சொல்லும் சாட்பாட்டானாலும் இணைப்பைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள் என்று முடித்தார்.

மேற்கோள் தேட நான் அதுவரை ஏஐ எதையும் தொட்டதில்லை. அந்தத் தைரியத்தில் அன்று இரவே என் தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து அதே சோதனையைச் செய்தேன். 143 மேற்கோள்களில் ஏழு இடித்தன. ஐந்தில் ஆண்டோ தொகுதி எண்ணோ தப்பு. ஒன்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை. கடைசி ஒன்றுதான் மானத்தை வாங்கியது. ஒரு சீனியரின் தீசிஸிலிருந்து நான் எடுத்தது அது, அவர் வேறு யாரிடமிருந்து எடுத்தாரோ. கட்டுரை கிடைத்தது. நான் "நிறுவுகிறார்" என்று எழுதியிருந்ததற்கு நேர்மாறாக எழுதியிருந்தார் அந்த மனிதர். பிஎச்டி மாணவர்களுக்கு யுஜிசி 2019இல் கொண்டுவந்த இரண்டு கிரெடிட் ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஏழாம் வாரமும் மோசமில்லை. 2021இல் பிரெஞ்சுக் கணினி ஆய்வாளர் கியோம் கபனாக்கும் அவருடைய சகாக்களும் ஆய்விதழ்களில் விசித்திரமான சொற்றொடர்களைத் தேடிப் பிடித்தார்கள். "ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" வர வேண்டிய இடத்தில் "கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்". "பிக் டேட்டா" வர வேண்டிய இடத்தில் "கொலாசல் இன்ஃபர்மேஷன்". திருட்டு தெரியாமலிருக்க, சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுக்கும் மென்பொருளில் போட்டு எடுத்ததன் லட்சணம். ஹாஸ்டல் அறையில் நடுராத்திரி தனியாகச் சிரித்தேன். அப்புறம், சிமிலாரிட்டி (பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு) பத்து சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று என் சினாப்சிஸை, அதாவது தீசிஸ் சுருக்கத்தை, ஒரு நாள் எதில் போட்டு எடுத்தேன் என்பது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

எட்டிலிருந்து பதினொன்று வரை பிராம்ப்ட், அதாவது சாட்பாட்டுக்குக் கொடுக்கும் கட்டளை, எழுதும் பாடம். "நீ முப்பது வருட அனுபவமுள்ள பேராசிரியர்" என்று ஆரம்பிக்கச் சொல்லி நான்கு வாரம் ஓட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சான்றிதழ் வந்தது, கோப்பில் இருக்கிறது.

ஜூனியருக்குப் பதில் போட்டேன்: "சேராதே. மெஷின் லேர்னிங்குக்கு என்பிடெல் போதும். டிஓஐ பார்க்க ஞாயிற்றுக்கிழமை ரூமுக்கு வா, அரை மணி நேரத்தில் சொல்லித் தர்றேன். வரும்போது உன் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை எடுத்துட்டு வா." ஆப்பில் இரண்டு ஸ்டார் கொடுத்தேன். மூன்று கொடுக்கலாம் என்று விரலை வைத்தேன், நான்காம் வாரம் ஞாபகம் வந்து இறக்கிவிட்டேன்.

என் கணக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. அத்தியாயம் ஒன்றை முடிக்கும்போதெல்லாம் ஆறாம் வாரத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நான்காம் அத்தியாயம் பாக்கி இருக்கிறது. புதுப்பிக்கவும் அதே 699தான். நேற்று ராத்திரி கட்டிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.